கதவைத் திறந்தும் வெளியே வராத கோழிகள்

கதவைத் திறந்துவிட்டால் போதும், கோழிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியே ஓடும் என்றுதான் நினைத்திருந்தேன். 180 முட்டைக் கோழிகள், புதிதாக வேலி போட்ட நிலம், நல்ல இளவெயில். சின்னக் கதவைத் தூக்கிக் கட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். ஒரு கோழி தலையை மட்டும் நீட்டி, ஒருக்களித்து, ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்தது. பின்னால் நின்றவை அதன் முதுகுக்கு மேல் எட்டிப் பார்த்தன. அரை மணி நேரத்தில் வெளியே வந்தவை 9. அந்த ஒன்பதும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றன.

சரி, பழகட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு பிற்பகலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன். வெளியே இருந்தவை 31. அதிலும் கொட்டகையை விட்டு ஏழெட்டு மீட்டருக்கு அப்பால் போனது ஒன்றுகூட இல்லை. தூரத்தில் புல் கேட்பாரற்று வளர்ந்து நின்றது. வாசலருகே ஒரு பச்சைத் துளிர்கூட மிச்சமில்லை.

என் நிலம் 20 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம். 800 சதுர மீட்டரை 180 ஆல் வகுத்தால் தலைக்கு 4.4 வருகிறது. திறந்தவெளியில் வளர்ந்த கோழியின் முட்டை என்று சொல்லி விற்க, ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு கோழிக்கு 4 சதுர மீட்டர் வெளியிடம் வேண்டும். அதாவது ஒரு ஹெக்டேருக்கு அதிகபட்சம் 2,500 கோழி. அந்தக் கணக்கைப் படித்துவிட்டுத்தான் நான் நிலத்தை அளந்து வேலி போட்டேன். ஆனால் கோழிகள் புழங்கியது கொட்டகையை ஒட்டிய 7 மீட்டர் பட்டையில் மட்டும். அது 140 சதுர மீட்டர், தலைக்கு முக்கால் சதுர மீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மீதி 660 சதுர மீட்டருக்கு வேலிச் செலவு செய்ததுதான் நான் கண்ட பலன்.

கோழிக்குத் திறந்தவெளி பிடிக்கும் என்பது நம்முடைய கற்பனை. அதன் மூதாதை செங்காட்டுக்கோழி. காட்டு ஓரத்திலும் புதருக்கு அடியிலும் சருகைக் கிளறித் திரிகிற பறவை அது. தலைக்கு மேல் இலை இருந்தால்தான் அதற்கு நிம்மதி. நம் கோழி வருடத்துக்கு 300 முட்டை இடும்படி மாறிவிட்டதே தவிர, வானத்தைப் பார்த்துப் பயப்படும் பழக்கத்தை விடவில்லை. வானில் பருந்தின் நிழல் தெரிந்தால் அது போடும் சத்தம் வேறு, தரையில் நாய் வந்தால் போடும் சத்தம் வேறு. முதல் சத்தம் நீண்டு மெல்லியதாக இருக்கும். அதைக் கேட்டதும் எல்லாக் கோழியும் இருந்த இடத்தில் பதுங்கும், அல்லது மறைவுக்கு ஓடும். இரண்டாவது விட்டு விட்டு வரும் கொக்கரிப்பு. கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்று கத்தும். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தப் பிற்பகலில் முதல் சத்தத்தை மூன்று தடவை கேட்டேன். ஒரு தடவை வந்தது பருந்துகூட இல்லை, வெறும் காக்கை. 31 கோழியும் ஒரே நொடியில் உள்ளே. 40 மீட்டர் நீளத்துக்கு ஒரு புதர்கூட இல்லாத மொட்டை நிலத்தில் அவை எங்கே போய் ஒளியும்?

அப்போது நான் செய்தது அதிகச் செலவில்லாத காரியம். நிலத்தை நீளவாக்கில் இரண்டாக மனசுக்குள் பிரித்து, இடது பாதியில் மட்டும் நிழல்வலை கட்டினேன். இடுப்பளவு உயரக் கம்பு நாலு, மேலே பழைய வலைத் துண்டு, அவ்வளவுதான். முதல் கூரை கதவிலிருந்து 3 மீட்டரில், அடுத்தது அதற்கு அப்பால் 5 மீட்டரில், அதற்கடுத்து இன்னொரு 5 மீட்டரில். ஒரே பெரிய பந்தலாகப் போட வேண்டாம், சின்னச் சின்னதாக வரிசையாகப் போட வேண்டும் என்பது அதுகளைக் கவனித்ததில் கிடைத்த யோசனை. கோழி வெட்டவெளியில் நடப்பதில்லை, ஒரு மறைவிலிருந்து அடுத்த மறைவுக்கு ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் தூரம் அதற்குக் கட்டுப்படியாக வேண்டும்.

நான்காவது நாளே இடது பக்கத்துக் கடைசிக் கூரைக்குக் கீழே 14 கோழிகள் காலை நீட்டிப் படுத்திருந்தன. வலது பக்கம் வழக்கம்போல மொட்டையாகக் கிடந்தது. அதே நிலம், அதே கோழி, அதே கதவு. இரண்டு வாரத்தில் பிற்பகல் எண்ணிக்கை 80ஐத் தாண்டியது. அப்புறம் வலது பக்கத்துக்கும் கட்டினேன்.

வலை தற்காலிகம்தான், காற்றில் கிழியும். அதனால் அதே மழைக்காலத்தில் வேகமாக வளரும் மரக்கன்றுகளையும் அடர்ந்த புதர்ச்செடிகளையும் கொட்டகையிலிருந்து தூரமாகப் போகும் வரிசைகளாக நட்டேன். இதில் ஒரு தப்புப் பண்ணினேன். வேலிக்கு இணையாக, கொட்டகைக்குக் குறுக்காக ஒரு வரிசை வைத்துவிட்டேன். கோழிகள் அதைச் சுவர் மாதிரி நினைத்து அதற்கு அப்பால் போகவே இல்லை. பிடுங்கி மாற்ற வேண்டியதாயிற்று. கன்றுகளின் தூரைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்குக் கல் பரப்பவில்லை என்றால், வேர் தெரிகிற அளவுக்குக் கிளறி மண்குளியல் குழியாக்கிவிடும். முதல் தவணையில் பாதிக் கன்றுகள் அப்படித்தான் போயின.

கதவு விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் 60 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரே ஒரு கதவு வைத்திருந்தேன். மேலே சொன்ன ஐரோப்பிய விதியில் கதவு குறைந்தது 35 சென்டிமீட்டர் உயரம், 40 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும், 1,000 கோழிக்கு மொத்தம் 2 மீட்டர் திறப்பு வேண்டும் என்று இருக்கிறது. அந்தக் கணக்குப்படி என் ஒரே கதவு தாராளம். ஆனால் அதே விதி, கதவுகள் கட்டடத்தின் நீளம் முழுவதும் பரவியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த வரியை நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டுவிட்டேன். நடந்தது என்னவென்றால், இரண்டு முரட்டுக் கோழிகள் வாசலில் காவல்காரர்கள் மாதிரி நின்றுகொண்டன. கூட்டத்தில் கீழ்வரிசையில் இருக்கும் கோழிகள் அந்தப் பக்கமே வரவில்லை. வந்தால் தலையில் ஒரு கொத்து. பிறகு சுவரில் இன்னும் மூன்று கதவுகள் வெட்டினேன், ஒவ்வொன்றும் 45 சென்டிமீட்டர். நாலு வாசலையும் அந்த இரண்டு கோழிகளால் காவல் காக்க முடியவில்லை.

இதற்கு நடுவே முட்டை குறைந்துகொண்டே வந்தது. வெளியே விடுவதற்கு முன் ஒரு நாளைக்கு 160க்குக் குறையாமல் எடுத்துக்கொண்டிருந்தேன். விட்டு பத்தாவது வாரம் 131. வெளியில் விட்டால் முட்டை குறையும் என்று யாரோ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பாதி நாள் தூக்கமில்லை. கடைசியில் பார்த்தால் ஒரு காரணம் இல்லை, மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன.

முதலாவது எளிது. முட்டை குறையவில்லை, காணாமல் போயிருந்தது. புதருக்கு அடியில் களை பிடுங்கும்போது ஒரு குழியில் 27 முட்டைகள். நான் விடிந்ததும் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். கோழி ஒரு முட்டையை உருவாக்க 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. பெரும்பாலானவை விடிந்து சில மணி நேரத்துக்குள் இட்டுவிடும். அந்த நேரத்தில் வெளியே விட்டால், மறைவான இடம் தேடும் கோழிக்குப் புதரைவிட நல்ல முட்டைப் பெட்டி ஏது? இப்போது முற்பகலில் முக்கால்வாசி முட்டை விழுந்த பிறகுதான் திறக்கிறேன். ஆனால் ஏற்கெனவே வெளியே இடப் பழகிய ஏழெட்டுக் கோழிகளை மாற்ற ஒரு மாதம் ஆயிற்று. பழக விடாமல் இருப்பது சுலபம், பழகியதை மாற்றுவது கஷ்டம்.

இரண்டாவது, என் அன்பு. வெளியே வர வைக்கவேண்டும் என்று மத்தியானத்தில் தூரமாகத் தானியம் இறைத்துக்கொண்டிருந்தேன். வரத்தான் செய்தன. ஆனால் தானியத்தால் வயிற்றை நிரப்பிக்கொண்டால் தீவனம் தின்ன இடம் எங்கே? முட்டைக்கு வேண்டிய புரதமும் சுண்ணாம்புச் சத்தும் தீவனத்தில்தான் இருக்கின்றன, வெறும் தானியத்தில் இல்லை. ஓடு மெலிந்தது, முட்டை எடை குறைந்தது. இப்போது இறைப்பது ஒரு கோழிக்கு ஒரு சிட்டிகை அளவு, அதுவும் மாலையில், உள்ளே அழைப்பதற்காக. ஓடு உருவாவதற்கு மட்டும் சுமார் 20 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும் பகுதி இரவில் நடக்கிறது. ஒரு ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. அதனால் கிளிஞ்சல் துண்டுகளைப் பிற்பகலில் தனித் தொட்டியில் வைக்கிறேன். வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்கிறது.

மேய்ச்சலால் தீவனம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தினம் முட்டையிடும் கோழிக்குப் புல்லும் பூச்சியும் தரும் சக்தி கொஞ்சம்தான். மாறாக, ஓடி ஆடித் திரிவதாலும் வெளிக்காற்றில் உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்வதாலும் கூண்டுக் கோழியைவிட அதிகமாகவே தின்னும். என் கணக்கில் கோழிக்கு நாளொன்றுக்கு 125 கிராமுக்குக் கீழே இறங்கியதே இல்லை. புல் கொடுப்பது வேறு: மஞ்சள் கருவின் நிறம் அடர்ந்தது, வெயில்பட்டுத் திரியும் கோழியின் முட்டையில் வைட்டமின் டி கூடுகிறது. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

மூன்றாவது காரணம்தான் மோசம். 7 மீட்டர் பட்டையில் எல்லாம் அடைந்து கிடந்த காலத்தின் பலன் அது. ஒரு கோழி ஒரு நாளில் 100 கிராமுக்கு மேல் எச்சமிடும். 180 கோழியின் எச்சத்தில் பாதி வெளியே விழுகிறது என்று வைத்துக்கொண்டாலும், வாசல் முன்னால் என்ன சேரும் என்று யோசித்துப் பாருங்கள். மழை பெய்ததும் அது சேறானது. அந்தச் சேற்றை மிதித்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியில் ஏறினால் முட்டை அழுக்கு. இதற்கு நடுவே ஒரு கோழி மெலிந்து, கொண்டை வெளுத்துச் செத்தது. கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்து, குடலில் நூல் நூலாக உருண்டைப்புழுக்களைக் காட்டினார்.

இந்தப் புழுவின் கதையை அவர் சொன்ன பிறகுதான் நிலத்தைப் பற்றிய என் எண்ணமே மாறியது. புழுவின் முட்டை எச்சத்தோடு மண்ணில் விழுகிறது. விழுந்த உடனே அது தொற்றாது. ஈரமும் கதகதப்பும் இருந்தால் சுமார் இரண்டு வாரத்தில் தொற்றும் நிலைக்கு வருகிறது. கோழி அதைக் கொத்தி விழுங்கினால் 5 முதல் 8 வாரத்தில் குடலுக்குள் வளர்ந்த புழுவாகித் தானும் முட்டையிடத் தொடங்குகிறது. மண்ணில் நிழலும் ஈரமும் கிடைத்தால் அந்த முட்டை பல மாதங்கள் சாகாமல் கிடக்கும். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரி இன்னும் அவசரக்காரன், ஈரக் கூளத்தில் ஒன்றிரண்டு நாளிலேயே தயாராகிவிடும். ஆக, வெளியிடம் என்று ஒன்றைக் கொடுத்து, அதில் ஒரு மூலையை மட்டும் கோழி பயன்படுத்தினால், கூண்டில் இல்லாத நோயை நாமே தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி.

வாசல் முன்னால் 3 மீட்டருக்கு மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, உருண்டைக் கூழாங்கற்களை ஒரு சாண் ஆழத்துக்குப் போட்டேன். கூர்மையான ஜல்லி வேண்டாம். கால் அடியில் குத்திப் புண்ணாகி வீங்கும். கூழாங்கல்லில் நடக்கும்போதே காலில் ஒட்டிய சேறு உதிர்ந்துவிடுகிறது, மழை எச்சத்தைக் கீழே கழுவிவிடுகிறது. கூரையில் விழும் மழைநீரைக் குழாய் வைத்து வேறு பக்கம் திருப்பினேன். அழுக்கு முட்டை பாதிக்கு மேல் குறைந்தது இந்த இரண்டு வேலையால்தான். வேறு எந்த மாற்றமும் இவ்வளவு சீக்கிரம் பலன் தரவில்லை. இன்று மறுபடி ஆரம்பித்தால் முதல் கோழி வருவதற்கு முன்பே இதைச் செய்திருப்பேன்.

பிறகு நிலத்தைப் பிரித்தேன். கொட்டகையை ஒட்டிய பட்டை எப்போதும் திறந்திருக்கும். அதற்கு அப்பால் மூன்று மேய்ச்சல் கட்டங்கள், ஒவ்வொன்றும் 220 சதுர மீட்டர். மூன்று வாரம் ஒன்றில், ஆறு வாரம் அதற்கு ஓய்வு. புல் விரலளவுக்கு வந்ததும் கோழியை மாற்றிவிடுகிறேன். நாட்காட்டியை அப்படியே பின்பற்றுவதில்லை, மழை பெய்தால் நீட்டுகிறேன், வறண்டால் சுருக்குகிறேன். கணக்கில் பார்த்தால், ஒரே சமயத்தில் கோழிக்குத் திறந்திருக்கும் இடம் இப்போது தலைக்கு 2 சதுர மீட்டர்தான், முன்பு 4.4. ஆனால் அன்று புழங்கியது முக்கால். இன்று இரண்டும் புழங்குகிறது. ஆறு வார ஓய்வில் புழு முட்டை எல்லாம் செத்துவிடும் என்று நான் நம்பவில்லை, அது சாகாது. ஆனால் ஓய்வுக்கு முன் புல்லைக் குட்டையாக வெட்டிவிட்டால் வெயில் மண்ணில் நேராக விழுகிறது, ஈரம் காய்கிறது, மண்ணில் புழு முட்டைகளின் பாரம் குறைகிறது. எச்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பி, தேவையென்றால் மட்டும் மருந்து. வாசல் சரியான பிறகு அந்தத் தேவையும் அடிக்கடி வரவில்லை.

புல்லை வெட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீண்டு முற்றிய புல்லைக் கோழி விழுங்கினால் தீனிப்பையில் சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி சுருண்டுகொள்ளும். காலையில் எழும்போது கழுத்தடியில் தீனிப்பை காலியாகத் தளர்ந்திருக்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் ஆபத்து. முற்றிய புல் நிற்கும் கட்டத்தைத் திடீரென்று திறந்துவிட்டு இப்படி இரண்டு கோழிகளை இழந்தேன்.

இவ்வளவு சிரமப்பட்டு வெளியே விட்டு என்ன கண்டாய் என்று கேட்டால், நான் முட்டைக் கணக்கைக் காட்ட மாட்டேன், இறகைக் காட்டுவேன். கோழிகளுக்குள் இறகு கொத்தும் பழக்கம் வந்துவிட்டால் அது தொற்றுநோய் மாதிரி பரவும். தரையைக் கிளறிக் கொத்த வேண்டிய அலகுக்கு வேலை இல்லாமல் போனால் அது பக்கத்துக் கோழியின் முதுகுக்குப் போகிறது. முதலில் வாலடியில் ஓர் இறகு, பிறகு வெற்றுத் தோல், பிறகு ரத்தம். ரத்தத்தைப் பார்த்தால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். என் கொட்டகையில் முதல் ஆண்டு நாற்பதுக்கு மேல் கோழிகளின் முதுகு வழுக்கையாக இருந்தது. இறகு போன கோழி உடம்புச் சூட்டைக் காக்கவே அதிகம் தின்னும், அதனால் இது தீவனச் செலவும்தான். பாதிக்கு மேல் கோழிகள் தினமும் வெளியே போகத் தொடங்கிய பிறகு வந்த அடுத்த கூட்டத்தில், அதே வயதில் வழுக்கை முதுகு ஆறே ஆறு. இடம் பெரிதானது மட்டும் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். பாதிப் பேர் வெளியே போனதும் உள்ளே இருப்பவற்றுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது, துரத்தப்படும் கோழிக்கு ஓடிப் போக ஓர் இடம் இருக்கிறது.

மண்குளியலைச் சொல்லாமல் விட மனசில்லை. கோழி ஒன்றிரண்டு நாளைக்கு ஒரு முறை, பெரும்பாலும் உச்சிப்பொழுதில், அரை மணி நேரம் வரை அதில் கிடக்கும். உலர்ந்த பொடிமண்ணை இறகுக்குள் தூவி, பக்கவாட்டில் புரண்டு, கடைசியில் எழுந்து ஓர் உதறு. இறகில் பழசான எண்ணெய்ப் பசை மண்ணோடு போய்விடுகிறது, பேன் தொல்லையும் குறைகிறது. மழை நாளில் வெளிமண் நனைந்துவிடும் என்பதால் கூரைக்கு அடியில் ஒரு குழியை எப்போதும் உலர்வாக வைத்திருக்கிறேன். ஏழெட்டுக் கோழிகள் ஒரே குழியில் கண்ணை அரைவாசி மூடிக் கிடக்கும்போது பக்கத்தில் போய் நின்றாலும் எழுந்திருக்காது. பயந்த கோழி குளிக்காது. எனக்கு அதுதான் தினசரிப் பரிசோதனை.

வெயில் காலத்தில் வேறு கணக்கு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தள்ளும். அப்படி இரைக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓடு உருவாவதும் கெடுகிறது. தகரக் கூரைக்குக் கீழே தவிப்பதைவிட மர நிழலில் காற்று படக் கிடப்பது மேல் என்று கோழிகளே முடிவெடுத்துவிடுகின்றன. மரங்கள் ஆளுயரம் வளர்ந்த பிறகு வந்த கோடையில் ஓடு மெலிந்த முட்டை வெகுவாகக் குறைந்தது. தண்ணீரை மட்டும் கொட்டகைக்கு உள்ளே அல்லது கூரை மறைவில்தான் வைக்க வேண்டும். வெளியே திறந்து வைத்தால் காட்டுப் பறவைகளும் வந்து குடிக்கும், எச்சமிடும். பறவைக் காய்ச்சல் வரும் வழிகளில் அதுவும் ஒன்று. அந்த நோய் சுற்றும் காலத்தில் கோழிகளை உள்ளேயே அடைக்க உத்தரவு வரலாம். அப்படி அடைக்க நேர்ந்தால், வெளியே பழகிய கோழிக்குத்தான் கிறுக்குப் பிடிக்கும். கொட்டகையை ஒட்டி, வலையடித்துக் கூரை போட்ட ஒரு தாழ்வாரம் வைத்திருப்பது அந்த நாட்களில் கை கொடுக்கும்.

இழப்பும் உண்டு, மறைக்கக் கூடாது. முதல் ஆண்டில் 11 கோழிகளைக் கீரிக்கும் நரிக்கும் கொடுத்தேன். ஒன்றை மட்டும்தான் பருந்து எடுத்தது. கோழி எதற்கு அதிகம் பயப்படுகிறதோ அதனால் குறைவாகவும், பயப்படாத இடத்தில் அதிகமாகவும் போயின. வேலியின் அடிப்பாகத்தை வெளிப்பக்கமாக ஒரு முழம் மடித்து மண்ணில் புதைத்த பிறகு தோண்டி வருவது நின்றது. அப்புறம் ஒரே ஒரு விதி: இருட்டுவதற்குள் கதவு சாத்தப்பட வேண்டும். சாத்தும்போது எண்ண வேண்டும். புதருக்கு அடியில் அடைக்கு உட்கார்ந்துவிட்ட கோழி ஒன்று எண்ணிக்கையில் குறையும். அதைத் தேடிப் பிடிக்காமல் விட்டால் காலையில் இறகுதான் கிடைக்கும்.

இரண்டாவது கூட்டத்தை முட்டைப் பருவத்தில் வாங்காமல் விடைக்கோழிகளாகவே கொண்டுவந்தேன். குஞ்சுப் பருவம் கடந்ததும் சின்ன முற்றத்தில் தினம் கொஞ்ச நேரம் விட்டுப் பழக்கினேன். முட்டையிடத் தொடங்கும் வயதில் பெரிய கதவைத் திறந்தபோது, அரை மணி நேரத்தில் வெளியே 100க்கு மேல். இளமையில் வெளியைப் பார்க்காத கோழிக்கு வளர்ந்த பிறகு வானம் ஒரு பூதம்.

ஆனாலும் எல்லாம் போவதில்லை. ஒரு சமயம் 40 கோழிக்குக் காலில் வண்ண வளையம் மாட்டி ஒரு மாதம் குறித்து வந்தேன். பெரும்பாலானவை தினமும் போயின, சில விட்டு விட்டுப் போயின, மூன்று ஒருநாள்கூட வாசலைத் தாண்டவில்லை. மின்னணுச் சில்லு கட்டிப் பெரிய கூட்டங்களைக் கவனித்த ஆய்வாளர்களும் இப்படி வெளியே வராத கோழிகளைக் கண்டிருக்கிறார்கள். அந்த மூன்றையும் தூக்கிக்கொண்டு போய் மர நிழலில் விட்டுப் பார்த்தேன். மூச்சு விடாமல் ஓடிவந்து உள்ளே பரணில் ஏறிக்கொண்டன. அப்படிப்பட்டவற்றுக்காக உள்ளேயும் கிளறக் கூளமும் உட்காரப் பரணும் குறையாமல் இருக்க வேண்டும். வெளியிடம் இருக்கிறதே என்று கொட்டகையை நெருக்கிவிடக் கூடாது.

முட்டை இப்போது மறுபடி 160க்குப் பக்கத்தில் நிற்கிறது, பகல் குறையும் மாதங்களில் மாலையில் விளக்குப் போட்டு 15 மணி நேர வெளிச்சம் கொடுக்கிறேன். மூன்றாவது கட்டத்தின் கடைசி மூலை மட்டும் இன்னும் வசப்படவில்லை. அங்கே மரங்கள் காய்ந்துபோய் பத்து மீட்டருக்கு வெட்டவெளி விழுந்துவிட்டது, புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. பழைய நிழல்வலைத் துண்டு இரண்டு இருக்கிறது. மழை விட்டதும் கம்பு நட வேண்டும்.